சித்தியின் கிளுவையும் டக்குப் பிரிக்காத பாவாடையும்

போன மாதம் முழங்கால் வலி என்று போன இடத்தில் டாக்டரம்மா என்னைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார். பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, "கொஞ்சம் குறைஞ்சிருக்கீங்கம்மா. வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருந்ததே அவ்வளவுதான், அதிலும் பிடித்தமா? அந்தப் பெண்ணுக்கு என் சிரிப்பு விளங்கவில்லை. என் வயசுக்காரர்களுக்கு விளங்கும். அதிலும் பாவாடையில் டக்குப் பிரித்து வளர்ந்தவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். தீபாவளிக்குப் பாவாடை தைக்கும்போது பிள்ளையின் உயரத்துக்குச் சரியாகத் தைக்கச் சொல்லுகிற அம்மா அன்றைக்கு எந்த ஊரிலும் இல்லை. ஒரு சாண் கூடுதலாகத் துணி எடுத்து, அந்தக் கூடுதலை அடிப்பக்கம் உள்ளே மடித்து ஒரு தையல் ஓட்டிவிடுவார்கள். அதுதான் டக்கு. பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்துவிட்டால் பாவாடையும் கீழே இறங்கும். பிரித்த இடத்தில் வெளுக்காத புதுத்துணி ஒரு பட்டையாகப் பளிச்சென்று தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பட்டைக்குத் தனி மரியாதை. என் சிநேகிதிகள் எல்லோருக்கும் பட்டை விழுந்துவிட்டது. எனக்கு மட்டும் பாவாடை வெளுத்து நைந்ததே தவிர, டக்கு போட்டது போட்டபடி இருந்தது. அந்த டக்குதான் எங்கள் சித்தியின் மரங்களுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

சித்தி என்றால் சித்தப்பாவின் மனைவி. எங்கள் ஊர் குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டார். சித்தப்பாவுக்குக் கும்பகோணத்தில் உத்தியோகம், தினமும் பஸ்ஸில் போய்வருவார். எல்லோரும் ஒரே வீடு, ஒரே உலை. சித்தியின் அப்பா ரயில்வேக்காரர். பிறந்ததிலிருந்து குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக மாறிக்கொண்டே இருந்தவள். ஒவ்வொரு ஊரிலும் கொல்லையில் ஆசையாக ஒரு மரம் வைப்பார்களாம். அது பூக்கிற சமயம் பார்த்து மாற்றல் ஆர்டர் வந்துவிடுமாம். யாரோ பக்கத்து வீட்டம்மா சட்டியில் மரம் வளர்ப்பதை ஓர் ஊரில் பார்த்தாளாம். தூக்கிக்கொண்டு போகக்கூடிய மரம் இதுதான் என்று அன்றைக்கே பிடித்துக்கொண்டாளாம். அதற்குப் போன்சாய் என்று பேர் என்று சித்தி சொன்னாள். எங்கள் ஊர் வாயில் அது கடைசிவரை நுழையவில்லை. சட்டி மரம் என்றே சொன்னோம்.

கல்யாணம் முடிந்து சீர் சாமான் இறங்கிய அன்று பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைக்கோல் சுற்றிய இரண்டு சட்டிகள் இருந்தன. ஒன்றில் புளி. இன்னொன்றில் இலை ஒன்றுகூட இல்லாமல் ஒரு சின்ன மரம். அம்மா குனிந்து பார்த்தாள்.

"என்ன இது, சீர்வரிசையில மொட்டைக் குச்சியக் குடுத்து அனுப்பியிருக்காங்க?"

"குச்சி இல்லக்கா, அரசு. இலை உதிர்த்துட்டு இப்ப தூங்குது."

"அரசமரத்தையா சட்டிக்குள்ள வச்சிருக்க? புள்ளையார் எங்கம்மா உக்காருவாரு?"

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். புதுப்பெண் சித்தியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போயிற்று. அம்மாவுக்கும் பிடிக்காமல் இல்லை. இரண்டு பேரும் கிணற்றடியில் பேசிச் சிரிக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு எங்கள் அம்மாவைப் பொல்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் சொல்ல வந்த பருவம் அதற்கு அடுத்த கோடை. தை முடிந்ததும் மேட்டூரை அடைத்துவிடுவார்கள். ஆறு மணலாகக் கிடக்கும். வாய்க்காலில் கோரை காய்ந்து சருகாகும். அறுத்த வயலில் உளுந்து மட்டும் பச்சை காட்டும். ஊரே சோம்பல் முறிக்கிற அந்த நேரம்தான் சித்திக்கு வேட்டைக்காலம். இலை உதிர்க்கிற மரம் இலையோடு இருக்கும்போது தோண்டினால் பிழைக்காது, மொட்டையாகத் தூங்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்பாள். "இலை கொட்டினப்பறம்தான் பாப்பா மரத்தோட உடம்பு தெரியும்" என்பாள்.

மத்தியானம் அம்மா சற்றுத் தலை சாய்க்கிற நேரமாகப் பார்த்து நாங்கள் கிளம்பிவிடுவோம். சித்தி கையில் சின்னக் கடப்பாரையும் அரிவாளும். என் தலையில் நனைத்துப் பிழிந்த சாக்கு. அதிலிருந்து தண்ணீர் பிடரி வழியாக முதுகில் இறங்கும். பங்குனி வெயிலில் அது எவ்வளவு சுகம் தெரியுமா! கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மனுஷர் இருக்கமாட்டார்கள். வேலிவேலியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போவோம். நான் மேலே பார்ப்பேன், சித்தி கீழே பார்ப்பாள். மண்ணை விரலால் விலக்கி, அடிமரம் எவ்வளவு பருமன், வேர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தடவிப் பார்ப்பாள். ஒன்றும் தேறவில்லை என்றால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகருவாள். பாதிநாள் வெறும் சாக்கோடுதான் திரும்பி வருவோம்.

அந்தக் கிளுவை வாய்க்கால் கரையில் ஒரு எள்ளுக் கொல்லையின் வேலியில் இருந்தது. வேலிக்கு நட்ட மரம்தான். எத்தனையோ வருஷமாக ஆடு மேல்தளிரைக் கடித்துக் கடித்து, மேலே போக வழியில்லாமல் அடியிலேயே பெருத்துவிட்டது. பச்சைப் பட்டை காகிதம் மாதிரி உரிந்து தொங்கியது. கிளை முறுக்கிக்கொண்டு முள்ளோடு நின்றது. இலை மருந்துக்கும் இல்லை. சித்தி அதன் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. எதையும் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நகை வாங்கப் போன இடத்தில் அம்மாவின் முகம் அப்படி இருந்து நான் பார்த்திருக்கிறேன்.

கடப்பாரையை ஒரு போடு போட்டிருப்பாள். பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"யாரது வேலியில கை வைக்கிறது?"

கொல்லைக்காரர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சித்தியைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"என்னம்மா இது? நம்ம வீட்டுப் பொம்பளைங்க வந்து வேலிக்குச்சி பிடுங்கலாமா? அடுப்புக்கு வேணும்னா ஆளை அனுப்பினா நான் குடுக்கமாட்டேனா?"

"அடுப்புக்கு இல்லீங்க. வளக்கிறதுக்கு."

"எதை?"

"இதைத்தாங்க."

"வேலிக் கிளுவையவா? வளக்கவா?" அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துக்குங்கம்மா, தாராளமா எடுத்துக்குங்க. ஆனா சந்து விட்டா ஆடு பூந்துடும். வெட்டுற கிளையையே அந்த எடத்துல போத்தா நட்டுட்டுப் போயிடுங்க" என்றார். போத்து என்றால் நட்டால் துளிர்க்கிற கிளைக்கட்டை. சித்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் வேண்டாம் என்று கழிக்கிற கிளையெல்லாம் வேலியாகிவிடுமே!

ஆனால் அவள் வெட்டத் தொடங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கிளை, இரண்டு கிளை என்றால் சரி. முறுக்கிக்கொண்டு அழகாக நின்ற எல்லாவற்றையும் வெட்டினாள். கடைசியில் மிஞ்சியது என் முழங்கால் உயரத்துக்கு ஒரு மொண்டிக் கட்டை. வெட்டுவாயிலிருந்து பச்சை மாங்காயும் கற்பூரமும் சேர்ந்த மாதிரி ஒரு மணம் வந்தது. பிசின் கையில் ஒட்டி, ராத்திரி சாப்பிட்ட ரசம் சாதத்திலும் அந்த மணம்தான். "செத்துப்போயிடும் சித்தி" என்று அழுதேன். "மேல வெட்டினாத்தாண்டி அடியிலேருந்து புதுசா வரும்" என்று சொல்லிக்கொண்டே சாணியும் மஞ்சளும் குழைத்து வெட்டுவாயில் அப்பினாள். புண்ணுக்கு மருந்து போடுகிற மாதிரி அத்தனை மெதுவாக அப்பினாள். அதைப் பார்த்த பிறகுதான் என் அழுகை நின்றது.

வீட்டுக்கு வந்ததும் உடைந்த பெரிய சட்டியின் அடிப்பாதியில் அதை வைத்து, பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையிலிருந்து வாங்கிய பழைய செப்புக் கம்பியால் ஆடாமல் கட்டினாள். அம்மா தூங்கி எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னொரு மொட்டையா? பேசாம நாவிதரைக் கூப்பிட்டு நம்ம எல்லாருக்கும் அடிச்சிவிட்டுடு" என்றாள். அப்போதும் சிரிப்புத்தான்.

சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்கு அத்தை மன்னார்குடியிலிருந்து வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். அத்தை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் காற்றுக்கூட உத்தரவு கேட்டுக்கொண்டுதான் வீசும். கொண்டுவந்த பலகாரத்தைப் பிரித்துக் கொடுக்கும்போதே என் பாவாடையைப் பிடித்து அடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, இது போன தீவாளிக்கு முந்தின தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்ததுல்ல?"

"ஆமாங்கண்ணி" என்றாள் அம்மா.

"டக்கு இன்னும் பிரிக்கவே இல்லையே!"

அத்தை பாவாடையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அவசர அவசரமாகச் சொன்னாள்: "எனக்கும் அதாங்கண்ணி கவலையா இருக்கு. நல்லா வளந்துக்கிட்டிருந்த புள்ளதான். இந்தச் சட்டி மரம் எல்லாம் வீட்டுக்குள்ள வந்ததிலேருந்துதான் இப்படி நின்னுபோயிட்டா. எந்நேரமும் அதுங்ககிட்டதான் கெடக்குறா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையலறை வாசலில் சித்தி காப்பித் தம்ளரோடு நின்றாள். அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். போதாத காலம், சின்ன இலையாக வரட்டும் என்று சித்தி அன்று காலையில்தான் அரசின் இலைகளைக் கிள்ளிப் போட்டிருந்தாள். புளிக்கும் நுனி வெட்டியிருந்தது. கிளுவை அப்படியே மொண்டிக்கட்டையாக உட்கார்ந்திருந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயையோ! வளர்றதை வளர விடாம வெட்டிப் போடுற வீட்டுல புள்ள எப்படிம்மா வளரும்? பொம்பளப் புள்ள. நாளைக்கு நாலு பேர் வந்து பாக்க வேண்டாமா?"

அப்பா தலையைச் சொறிந்தார். சித்தப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஆம்பிளைகளுக்கு அந்தக் காலத்தில் பேப்பர் ரொம்ப உபகாரமாக இருந்தது. அத்தையே தீர்ப்பும் சொன்னாள். "பதினெட்டாம் பெருக்குக்கு வருவேன். அதுக்குள்ள இந்த டக்கைப் பிரிச்சிருந்தீங்கன்னா சரி. இல்லேன்னா இந்தச் சட்டி எதுவும் இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

சித்தி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து கிளுவையின் சட்டியைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நான் வளந்துடறேன் சித்தி" என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நீ எதுக்குடி வளரணும், தங்கம்" என்று என்னை இறுக்கிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் எவ்வளவு ஆசை இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் நான் வளர்வதற்குப் பட்ட பாடு இருக்கிறதே! கிணற்று ராட்டினம் மாட்டுகிற கட்டையைப் பிடித்துத் தொங்குவேன். கை வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதுதான் மிச்சம். முருங்கைக் கீரையைக் கண்டால் ஓடுகிறவள், இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன். தலையில் சுமை வைத்தால் வளர்த்தி நின்றுவிடும் என்று ஒரு சிநேகிதி சொன்னதிலிருந்து சாக்கைத் தூக்குவதை விட்டுவிட்டேன். காலையில் எழுந்ததும் பாவாடையைக் கட்டிக்கொண்டு அம்மா முன்னால் விறைப்பாக நிற்பேன்.

"டக்கு பிரிக்கணுமாம்மா?"

"போய் பல்லு வெளக்குடி."

என்னைப் பார்க்காமலேதான் சொல்வாள். அம்மாவுக்கும் சித்திக்கும் இடையில் பேச்சு குறைந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. உப்பு இருக்கா, புளி இருக்கா என்ற அளவுக்கு ஆகிவிட்டது. கிணற்றடிச் சிரிப்பு நின்றுபோனது.

இதற்கு நடுவில் கிளுவை உயிரோடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. இலை இல்லாதபோது அதற்குத் தண்ணீர் வேண்டாம் என்பாள் சித்தி. எனக்கு மனசு கேட்காமல் ஒரு சொம்பு கொண்டு போனால் பிடுங்கிக்கொள்வாள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டி உள்ளே பச்சை தெரிகிறது என்று காட்டுவாள். வைகாசியில் ஒரு நாள் இடி இடித்து ஒரு மழை பெய்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கட்டையின் அடியில், சித்தி சொன்ன இடத்திலேயே, பச்சைப்பயறு அளவில் ஒரு முளை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் போட்ட கூச்சலில் அப்பா பாம்போ என்று கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். சித்தி தரையில் மண்டிபோட்டு, மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஆனியில் தண்ணீர் திறந்தார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த நாளை யாரும் சொல்லித்தர வேண்டாம். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வருகிற தலைத்தண்ணீருக்கு முன்னால், காய்ந்த வாய்க்காலில் நாங்கள் கூவிக்கொண்டு ஓடுவோம். காலைத் தொட்டதும் கரை ஏறிக் குதிப்போம். அந்த வருஷம் மட்டும் எனக்கு ஓட மனசில்லை. தண்ணீர் வந்துவிட்டது என்றால் ஆடி வரப்போகிறது, அத்தை வரப்போகிறாள். என் டக்கோ கல்லாட்டம் இருக்கிறது.

பெருக்குக்குச் சில நாள் முன்னால் ஒரு விடிகாலை. சித்தி மூன்று சட்டிகளையும் பெரிய அன்னக்கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போவதைப் பார்த்துப் பின்னாலேயே ஓடினேன். கரைமேட்டில் ஏற்கெனவே குழி தோண்டி வைத்திருந்தாள். அரசைச் சட்டியிலிருந்து எடுத்துக் குழியில் வைத்து மண் தள்ளினாள். அடுத்தது புளி. நான் கிளுவையின் சட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றேன்.

"ஏன் சித்தி? அத்தை இன்னும் வரவே இல்லையே! நான் அதுக்குள்ள வளந்துடுவேன். நெசமா வளந்துடுவேன்."

"நீ வளந்தாலும் வளராட்டாலும் ஒண்ணும் இல்ல பாப்பா. அவங்க சொல்றதுல எனக்கு நம்பிக்கையே கெடையாது."

"அப்பறம் ஏன் வைக்கிறீங்க?"

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நம்பிக்கை இல்லதான். ஆனா உன்னை வச்சு சோதிச்சுப் பாக்குறதுக்கு எனக்குத் தைரியம் இல்லடி."

எனக்குக் கோபம் வந்தது. நான் வளரமாட்டேன் என்று இவளே முடிவுகட்டிவிட்டாள் என்றுதான் தோன்றியது. எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன்! எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அதுகளுக்கு ஒரு காய்ச்சல் என்றால் நம்பாத சாமிக்கெல்லாம் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தபோதுதான், சித்தி அன்று சொன்னது என் மண்டையில் ஏறியது.

பதினெட்டாம் பெருக்குக்கு அத்தை வந்தாள். டக்கைப் பார்த்தாள், காலியான கொல்லையைப் பார்த்தாள். "இனிமே பாரு, கிடுகிடுன்னு வளருவா" என்றாள். ஆற்றங்கரையில் காதோலை கருகமணி வைத்துப் படைத்து, காப்பரிசி தின்று, புளியஞ்சாதமும் தயிர்சாதமும் கட்டுக்கட்டாகப் பிரித்தோம். திரும்பி வருகிற வழியில் வாய்க்கால் கரை அரசை ஊர்ப்பெண்கள் பார்த்துவிட்டார்கள். யாரோ புண்ணியவதி வைத்திருக்கிறாள் என்று ஆளுக்கொரு மஞ்சள் கயிற்றை அதில் கட்டினார்கள். கார்த்திகைக்குள் அதன் அடியில் ஒரு கல் வந்துவிட்டது. பொங்கலுக்குக் கல்லுக்கு ஒரு துண்டும் கட்டியாகிவிட்டது. அம்மா அன்றைக்குக் கேட்ட பிள்ளையாருக்கும் இடம் கிடைத்துவிட்டது. புளியை ஆடு தின்றுவிட்டது. கிளுவையை மட்டும் யாரும் கும்பிடவும் இல்லை, தின்னவும் இல்லை. கால் நனைகிற இடத்தில் வேர்விட்டு, தடதடவென்று கிளையை நீட்டி, அடுத்த தைக்குள் என் தலைக்கு மேலே போய்விட்டது.

நானோ, நின்ற இடத்திலேயே நின்றேன். அடுத்த தீபாவளிக்கு எடுத்த புதுப்பாவாடையிலும் டக்கு. பழைய பாவாடையும் கணுக்கால் வரை சரியாக இருந்தது. அத்தை இந்த முறை கிணற்றுத் தண்ணீரைக் குறை சொன்னாள். சித்தி வாய்க்கால் பக்கம் போனாலும் கிளுவை இருந்த திசையைப் பார்க்கமாட்டாள். அவள் கையில் முன்னெல்லாம் இருந்த பிசின் மணம் போய், மற்றவர்கள் கை மாதிரி பருப்பும் பெருங்காயமுமாக மணத்தது. பொங்கலுக்குப் பிறகு அவள் முழுகாமல் இருப்பதாகச் சொன்னார்கள். அன்றைக்கு வயிற்றில் இருந்தவன் இப்போது எங்கள் வீட்டு நிலையில் குனிந்துதான் நுழைவான், அத்தனை உயரம். எல்லோருக்கும் சந்தோஷம். சித்திக்கும் சந்தோஷம்தான். ஆனால் பங்குனி பிறந்து, ஊரெல்லாம் இலை கொட்டத் தொடங்கியதும் அவள் மத்தியானங்களில் கடப்பாரை சாத்தியிருந்த மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

அப்படி ஒரு மத்தியானம். வீட்டில் நானும் சித்தியும்தான். சித்தி கொல்லை வாசலில் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் காணவில்லை, கடப்பாரையையும் காணவில்லை. நெடுநேரம் கழித்துக் கொல்லைப்படலைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். தலையெல்லாம் புழுதி. கையில் முள் கீறி ரத்தக்கோடு. ஒரு கையில் கடப்பாரையும் அரிவாளும், இன்னொரு கையில் அன்னக்கூடை. கூடையிலிருந்து கிளுவையின் நீண்ட மொட்டைக் கிளைகள் வெளியே தள்ளித் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தன. கூடையைச் சித்தியின் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"என்னக்கா இது?"

"தெரியலையா? உன் மரம்தான். இலை கொட்டினப்பதான் எடுக்கணும்னு நீ சொல்லுவியே. கொட்டியிருந்துச்சு. எடுத்துட்டேன்."

"எனக்கு எதுக்குக்கா இனிமே இதெல்லாம்? வயித்துல ஒண்ணு இருக்கு. நாளைக்கு அதுக்கும் ஏதாவது..."

"இரு, நான் பேசிடறேன்" என்றாள் அம்மா. மேல்மூச்சு வாங்கியது. "என்னைப் பாரு. நல்லாப் பாரு. எங்கம்மா என்னைவிடக் குட்டை. எங்கக்கா எங்கம்மாவைவிடக் குட்டை. எங்க வீட்டுல முக்காலி போடாம எவளுக்கும் உறி எட்டாது. இவ எங்கேருந்து வளருவா? எனக்குத் தெரியாதா அது? தெரியும். ஆனா அன்னிக்கு அண்ணி என்னைத் தலையிலேருந்து கால் வரைக்கும் பாத்தாங்க பாரு, எனக்கு உசிரே போயிடுச்சு. பொண்ணெடுத்த எடம் குட்டைன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். பக்கத்துல உன் மரம் இருந்துச்சு. அது மேல பழியப் போட்டுட்டேன்."

சித்தி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ எதுத்துப் பேசுவேன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. "படிச்சவதானே, ஒரு வார்த்தை கேட்டிருந்தா அண்ணி வாயடைச்சுப் போயிருப்பாங்க. ஏன்டி பேசாம போன?"

"உங்க உயரத்தைக் காட்டித்தானேக்கா பேசணும்? அது எப்படிக்கா பேசுவேன்?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எங்கள் அம்மா அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சித்தி நகர்ந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து, கீறலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

அப்புறம் அம்மா மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு அரிவாளை எடுத்தாள். சித்தி கை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை.

"மாசமா இருக்கிறவ பச்சை மரத்துல அரிவாள் வைக்கக் கூடாது. நான் வெட்டுறேன். எங்கன்னு மட்டும் காட்டு."

சித்தி குனிந்து, கிளைகளை விலக்கி, அடிமரத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இவ்வளவு கீழயா?" என்றாள் அம்மா.

"ஆமாக்கா."

அம்மா வெட்டினாள்.